அழைப்புக் கடிதம் என்ன செய்யும், என்ன செய்யாது?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது லேத் மெஷினைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எழுத என்னைவிட நல்ல ஆட்கள் நம் பிரிவில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் நாலு பேருக்கு உபயோகப்படுமே என்று தோன்றியது. "அங்கேயிருந்து ஒரு இன்விடேஷன் லெட்டர் வந்துட்டா போதும், விசா கையில வந்த மாதிரி" என்று சொல்லாத ஆள் நம் ஊர் டீக்கடையில் உண்டா? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவும் அத்தானும் கனடாவில், டொராண்டோ பக்கம், நிரந்தர வசிப்புரிமை பெற்று இருக்கிறார்கள். 2024 ஜூனில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். அம்மா போய் உடன் இருக்க வேண்டும் என்று பிப்ரவரியில் விண்ணப்பித்தோம். அக்கா நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். படித்துவிட்டு அம்மா அழுதே விட்டார்கள். "அம்மா இல்லாமல் எனக்கு இங்கே யாரும் இல்லை, எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் என்னுடன் இருக்கட்டும்" என்றெல்லாம் அதில் இருந்தது. மார்ச்சில் பதில் வந்தது. விசா இல்லை.

வந்த தாளில் இருந்த காரணத்தை நான் பத்து தடவையாவது படித்திருப்பேன். தங்க அனுமதித்த காலம் முடிந்ததும் இவர் கனடாவை விட்டுப் போவார் என்ற நம்பிக்கை எனக்கு ஏற்படவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். கனடாவின் குடியேற்ற விதிகளில் 179-ஆம் விதி, 'பி' உட்பிரிவு அது. எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் கழித்து எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபோதுதான், அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன் என்று புரிந்தது.

என்ன கோளாறு? நமக்குப் பழக்கமான உதாரணம் சொல்கிறேன். முதலாண்டு டிராயிங்கில் எலிவேஷன், பிளான், சைடு வியூ மூன்றும் ஒரே பொருளைத்தானே காட்ட வேண்டும்? ஒரு கோடு ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போனால் மார்க் போய்விடும். எங்கள் விண்ணப்பத்தில் மூன்று தாளும் மூன்று பொருளைக் காட்டின. படிவத்தை நிரப்பிய ஏஜெண்ட் பயண நோக்கம் 'சுற்றுலா', தங்குவது 'இரண்டு மாதம்' என்று போட்டிருந்தார். அக்காவின் கடிதம் பிரசவத்துக்கு, எத்தனை நாளானாலும் சரி என்றது. வங்கிப் புத்தகமோ, விண்ணப்பிக்க ஒரு வாரத்துக்கு முன் திடீரென்று நாலு லட்சம் வந்து உட்கார்ந்ததைக் காட்டியது. அதுவும் ஏஜெண்ட் யோசனைதான். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு அது எப்படி வந்தது என்பதையும் பார்ப்பார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று. அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தார். எங்கள் ஜவுளிக்கடையின் ஜி.எஸ்.டி. பதிவே அம்மா பெயரில்தான் இருக்கிறது! கல்லாவில் உட்காருவதும் அம்மாதான். அப்பா கொள்முதல் மட்டும். திரும்பி வருவதற்கு அம்மாவுக்கு இருந்த காரணங்களில் ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை. போவதற்கான காரணம் மட்டும் நான்கு பக்கம் இருந்தது.

பஸ் பாஸுக்கு நாம் வாங்கும் போனஃபைடு சர்டிபிகேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "இவன் எங்கள் மாணவன்" என்று மட்டும் அது சொல்லும். நீங்கள் பரீட்சையில் பாஸாவீர்கள் என்று சொல்லாது. அழைப்புக் கடிதமும் அப்படித்தான். யார் கூப்பிடுகிறார், எதற்கு, எங்கே தங்குவார், செலவு யாருடையது என்ற நான்குக்கும் அதில் பதில் இருக்கும். "திரும்பிப் போவாரா?" என்ற ஐந்தாவது கேள்விக்கு அழைப்பவர் பதில் சொல்ல முடியாது. விண்ணப்பிப்பவரின் சொந்தக் காகிதங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதம் இருந்தால் நல்லது, ஆனால் அது விசாவுக்கு உத்தரவாதம் இல்லை என்று கனடா அரசின் குடியேற்றத் துறையே சொல்கிறது.

இரண்டாவது தடவை நானும் அக்காவும் போனில் பேசிப் பேசி ஒரே பக்கத்தில் எழுதினோம். அம்மாவின் முழுப்பெயர் (பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து), பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி, உறவு, ஜூலை 20 முதல் அக்டோபர் 10 வரை என்று தேதிகள், தங்குமிடம், விமானச் செலவு அம்மாவுடையது, சாப்பாடும் தங்கலும் எங்களுடையது என்ற வரி. அக்கா பக்கத்தில் அவளுடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, வேலை, வசிப்புரிமை அட்டையின் நகல், அத்தானின் விவரம், வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்கு. இவையெல்லாம் அந்தத் துறை கேட்கும் விவரங்கள்தான், நாங்கள் கண்டுபிடித்தவை அல்ல. பிரசவ உதவி என்று எழுதினால் வேலைக்கு வருகிறார் என்று நினைத்துவிடுவார்களோ என்று அக்காவுக்குப் பயம். தேவையே இல்லை. மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாயை, வேலை என்று கருதப்படாததற்கு உதாரணமாகவே அவர்கள் காட்டுகிறார்கள். நோட்டரி கையெழுத்தும் விசா அலுவலகம் கேட்டால்தான் தேவை. கடிதத்தை அக்கா நேரே அவர்களுக்கு அனுப்பவில்லை. எங்களுக்கு அனுப்பினாள், நாங்கள் மற்றக் காகிதங்களோடு சேர்த்துப் பதிவேற்றினோம்.

மற்றக் காகிதங்கள் என்றால் கடையின் ஜி.எஸ்.டி. சான்றிதழ், வருமான வரிக் கணக்கு, பழைய நடைமுறைக் கணக்கு (திடீர் லட்சம் எதுவும் இல்லாமல்), வீட்டுப் பத்திர நகல், என்னுடைய போனஃபைடு. தீபாவளி அக்டோபர் 31, அதற்கு முன் கடைக்கு வந்தாக வேண்டும் என்று அம்மா தன் பங்குக்கு அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அரைப் பக்கம்தான் எல்லாவற்றிலும் பலமான காகிதம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. "இல்லைன்னு போட்டுடலாம் தம்பி, யார் பாக்கப் போறா?" என்றார் அதே ஏஜெண்ட். நல்லவேளை, அவரிடம் இரண்டாவது தடவை போகவில்லை. பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் கனடாவின் குடியேற்றச் சட்டம் 40-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. 'ஆம்' என்று போட்டு, ஏன் மறுத்தார்கள், இப்போது என்ன புதிதாகக் காட்டுகிறோம் என்று விளக்கினோம். கைரேகை பத்து ஆண்டுக்குச் செல்லும் என்பதால் அம்மா மறுபடி சென்னைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

எல்லா நாட்டிலும் இந்தக் கடிதத்துக்கு ஒரே எடை கிடையாது. அமெரிக்காவின் பார்வையாளர் விசாவுக்கு அழைப்புக் கடிதம் தேவையில்லை என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே சொல்கிறது. அங்கே சட்டம், வருபவர் குடியேறத்தான் வருகிறார் என்று வைத்துக்கொண்டு, இல்லை என்று அவரையே நிரூபிக்கச் சொல்கிறது. ஜெர்மனியில் நேர் எதிர். செலவை ஏற்பவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், வருமானத்தைக் காட்டி, பொறுப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். விருந்தாளிக்காக அரசு ஏதாவது செலவு செய்ய நேர்ந்தால் ஐந்தாண்டு வரை அவரிடம் வசூலிக்கலாம். சித்தப்பா ஒருவர் அங்கிருந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள். சிங்கப்பூரில் 'வி39ஏ' என்ற அறிமுகப் படிவம், அதை அங்குள்ள குடிமகனோ நிரந்தரவாசியோ தர வேண்டும். கனடாவில் சாதாரணக் கடிதம் சட்டப்படி யாரையும் கட்டாது. ஆனால் பெற்றோர், தாத்தா பாட்டிக்கான 'சூப்பர் விசா' என்றால் செலவை ஏற்கும் உறுதிமொழியும் வருமானச் சான்றும் அவசியம், ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும்.

இனி நம்மைப் பற்றி. டிப்ளமோ கையில் வாங்கியதும் நம்மைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். "இன்விடேஷன் நான் வாங்கித் தர்றேன், விசிட்ல போயிடு, அங்க போய் வேலைக்கு மாத்திக்கலாம்" என்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்களை உறவுக்காரர் என்று எழுதித் தரும் கடிதம் பொய்ச் சாட்சி. மாட்டுவது எழுதியவர் அல்ல, நீங்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைக்கப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடிபட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வேலைக்குப் போவதானால் வேலை விசா, அதுவும் மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜெண்ட் மூலம். பதிவு எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம், காசு செலவில்லை.

உண்மையிலேயே அண்ணன் கல்யாணத்துக்கோ லீவுக்கோ போகிறீர்களா? அப்போது நம் பரீட்சைக் கால அட்டவணையே நல்ல சான்று. போனஃபைடோடு அதையும் வைத்து, கல்லூரி திறப்பதற்கு முன் திரும்பும் தேதியைப் போடுங்கள். விசா வருமுன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.

அம்மாவுக்கு விசா ஜூன் கடைசியில் வந்தது. குழந்தை அதற்குள் பிறந்துவிட்டது. பிரசவ வலி எடுத்த அன்று ராத்திரி முழுக்க அத்தான் போனை அக்கா முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், அம்மா இங்கே கடையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது மருமகனுக்கு ஒன்றரை மாதம். கடிதத்தில் எழுதிய அக்டோபர் 10-க்கு இரண்டு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டார்கள்.

அந்த ஒரு பக்கக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் ஒர்க்ஷாப் முடிந்து நாலரை மணிக்குமேல் விடுதிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். ரெக்கார்டு நோட்டு மாதிரி அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள், அதில் இருப்பது எங்கள் அம்மாவின் தீபாவளி வியாபாரம்.