நீலத்தாளில் வெள்ளைக் கோடுகள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

“புதிய திட்டத்திற்குப் புளூபிரிண்ட் தயார்” என்று செய்தித்தாளில் படிக்கிறோம். வினாத்தாளின் அமைப்புத் திட்டத்தையும் அதே பெயரால் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘நீல அச்சு’ என்பதாகும். திட்டத்திற்கும் நீல நிறத்திற்கும் என்ன தொடர்பு? அன்புத் தோழியரே, அந்த நீலத்தின் பின்னே நம் வேதியியல் பாடமும், வெயிலும், பல பெண்களின் உழைப்பும் இருக்கின்றன. அவற்றைச் சிறிது காண்போம்.

நகலின் தேவை

ஒரு பாலமோ கப்பலோ கட்ட வேண்டுமானால், வரைபடம் பொறியாளரிடம் மட்டும் இருந்தால் போதாது. கொல்லர், தச்சர், மேற்பார்வையாளர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதைக் கையால்தான் வரைந்தார்கள். அதற்கு நாட்கள் பல பிடித்தன. பிரதி எடுப்பவர் ஓர் அளவைத் தவறாக எழுதிவிட்டால் ஒரு பகுதி மற்றொன்றோடு பொருந்தாது. பாலத்தின் மேல் செல்வோரின் உயிரே அந்த எண்ணில் அடங்கியிருந்தது எனலாம்.

கண்டுபிடித்தவர்

யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் சர் ஜான் ஹெர்ஷல். இவரும் வானியல் அறிஞர். ஒளி பட்டால் எந்தெந்தப் பொருள்கள் நிறம் மாறும் என்று ஆராய்ந்தபோது, 1842-ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டார். இதற்கு ‘சயனோடைப்’ என்று பெயர். அக்காலப் புகைப்படத்திற்கு விலையுயர்ந்த வெள்ளி உப்புகள் வேண்டும். இதற்கோ மலிவான இரும்பு உப்புகளே போதும்.

செய்முறை

25 கிராம் பெரிக் அம்மோனியம் சிட்ரேட்டை 100 மில்லி லிட்டர் நீரிலும், 10 கிராம் பொட்டாசியம் பெரிசயனைடை வேறு 100 மில்லி லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். மங்கலான விளக்கொளியில் இரண்டையும் சம அளவு கலந்து, தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்.

அதன்மேல் கறுப்பு மையால் வரைந்த டிரேசிங் தாளை வைத்து, கண்ணாடிச் சட்டத்தால் அழுத்தி, வெயிலில் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் ஆழ்ந்த நீலப் பரப்பில் வெள்ளைக் கோடுகளாகப் படம் தெரியும்.

நடப்பது என்ன?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டதும் பெரிக் இரும்பு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பெரஸ் இரும்பாகிறது. இது நாம் படித்த ஒடுக்க வினையே. எலக்ட்ரானைக் கொடுக்கும் சிட்ரேட் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பெரஸ் இரும்பு பெரிசயனைடுடன் சேர்ந்து ‘பிரஷ்யன் நீலம்’ உண்டாகிறது. இது நீரில் கரையாது, தாளிலேயே தங்கிவிடும். மைக்கோட்டின் நிழலில் ஒளி படவில்லை. ஆகவே அங்குள்ள உப்புகள் மாறாமல் இருந்து, நீரில் கரைந்து போய்விடுகின்றன. கோடு வெள்ளையாவதன் காரணம் இதுவே.

பெரிசயனைடில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நஞ்சு குறைவு. ஆனால் அதோடு அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் கொடிய நச்சு வாயு வெளிவரும். எனவே ஆசிரியை உடனில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

பெண்களின் பங்கு

இம்முறையை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியவர் ஒரு பெண்மணி. ஹெர்ஷல் குடும்பத்துடன் பழகிய அன்னா அட்கின்ஸ் என்பவர், கடற்பாசிகளை நீலத்தாளின் மேல் பரப்பி வெயிலில் வைத்து அவற்றின் உருவங்களைப் பதித்தார். 1843-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலே புகைப்படங்களைக் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. முன்னுரையில் தம் பெயரை எழுதாமல் ‘ஏ. ஏ.’ என்று முதலெழுத்துகளை மட்டுமே இட்டார். அதனால் பிற்காலத்தில் அந்நூல் யாருடையது என்று அறிய முடியாமல் சிலர் குழம்பினர்.

ஹெர்ஷலும் அட்கின்ஸும் 1871-ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அந்தப் பத்தாண்டில்தான் நீல அச்சு பொறியாளர் அலுவலகங்களில் பரவத் தொடங்கியது. அதன்பின் ஒரு டிரேசிங் இருந்தால் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அந்த ஒன்று பிழையின்றி இருக்க வேண்டுமே! அதில் பிழை இருந்தால் எல்லாப் பிரதியிலும் பிழைதான். ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்களில் இந்தப் பொறுப்பான வேலையைப் பெரும்பாலும் இளம்பெண்களே செய்தனர். கப்பல்களின் பெயர்கள் உலகறிந்தவை. அவர்கள் பெயர்களோ பெரும்பாலும் வெளியே தெரியவில்லை.

குறைகளும் முடிவும்

தண்ணீரில் அலசிய தாள் உலரும்போது சுருங்கும். எனவே நீல அச்சில் அளவுகோலை வைத்து அளக்கக் கூடாது. எழுதியுள்ள எண்ணையே நம்ப வேண்டும். காரம் பட்டால் நீலம் அழிந்துவிடும். இக்குறையையே நன்மையாக்கி, சலவைச் சோடாக் கரைசலைத் தொட்டு நீலத்தின் மேல் வெள்ளைத் திருத்தங்களை எழுதினார்கள்!

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘டயசோ’ முறை இதன் இடத்தைப் பிடித்தது. அம்மோனியா ஆவியால் வெள்ளைத் தாளில் கருங்கோடுகள் தோன்றின; நீரில் நனைக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் இதை ‘அம்மோனியா பிரிண்ட்’ என்பர். பின்னர் கணினியும் பெரிய அச்சுப்பொறிகளும் வந்து அதையும் ஒதுக்கின. இப்போது சயனோடைப் முறையைக் கலைஞர்களும் மாணவர்களுமே பெரும்பாலும் கையாளுகின்றனர்.

நீலத்தாள் மறைந்தும் சொல் மறையவில்லை. ‘புளூபிரிண்ட்’ என்று இனிப் படிக்கும்போது, பொறியாளரோடு, கோடு பிசகாமல் எழுதிய அந்தக் கைகளையும் நினைப்போம். நகல் எடுப்பது சிறு வேலை என்று யாரேனும் சொன்னால், அதை நம்பி எத்தனை பேர் பாலத்தைக் கடந்தார்கள் என்று கேட்போம்.