‘சுராங்கனி’ சோம்பல் பாட்டா?

கேள்வி: கல்யாண வீட்டில் ‘சுராங்கனி’ போட்டால் எல்லாரும் ஆடுகிறார்கள். ஆனால் வரிகளில் ஒன்றுமே இல்லை, சோம்பேறித்தனமாக எழுதிய பாட்டு என்கிறான் என் தம்பி. உங்கள் கருத்து?
- வாசகி, கல்லடி

பதில்: ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டு வந்திருக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான். தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் ‘சுராங்கனி’ பைலாப் பாட்டு; பைலா ஆடுவதற்கான இசை. அந்த 6/8 தாளத்தில், ஒரு தடவை கேட்டதுமே கூட்டம் திருப்பிப் பாட வேண்டும். உவமைகளை அடுக்கினால் கால் தடுக்கும். பைலாவுக்கு உறவான கஃப்ரிஞ்ஞாவைப் பறங்கியர் ஆடக் கண்ட மட்டக்களப்புக்கு இதை விளக்கவா வேண்டும்? அந்தக் கொஞ்சச் சொற்களை வைத்தே 1970களில் ஏ. ஈ. மனோகரன் தமிழ்நாட்டையும் ஆட வைத்தார்.

சொல்லில் கெட்டித்தனம் வேண்டுமென்றால் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ இருக்கிறது. மாமியும் மருமகனாகத் துடிப்பவனும் மாறி மாறிப் பேசுவதே பாட்டு. எல்லாம் வீட்டுப் பேச்சு. (நம் பக்கத்து நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் நாலே அடியில் கேள்வியும் பதிலுமாக மோதிக்கொள்வது நினைவுக்கு வரவில்லையா?)

நான் சோம்பல் என்பது வேறு. காதலைச் சொல்ல வந்த மெல்லிசைப் பாட்டில் நிலா, கனா, வினா என்று ஓசைக்காக மட்டும் வந்து உட்காரும் சொற்கள். அவற்றில் ஒன்றைத் தூக்கிவிட்டு ‘லாலா’ போட்டுப் பாடிக் காட்டுங்கள். தம்பிகூடக் கவனிக்க மாட்டான்.