11 பேர், 2 இரவு: தங்குமிடத்துக்கு ஒரு கணக்குப் பாடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால், வெவ்வேறு நகரங்களில் பிழைக்கும் அண்ணன் தம்பிகள் ஊரிலிருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஓரிடத்தில் கூடுவது நம் குடும்பங்களில் வழக்கம். பலர் அதற்குப் பெங்களூருவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவைக் காட்டலாம் என்பதும் ஒரு காரணம். 2005-ல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, நகரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் 28 கி.மீ. தொலைவில், பிடதியில் இருக்கிறது.

நுழைவுச் சீட்டின் விலையை எல்லோரும் முன்கூட்டியே விசாரிக்கிறோம். தங்குமிடத்தை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவிடுகிறோம். பெரிய குடும்பத்தின் கையைக் கடிப்பது அதுதான்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறேன். நாங்கள் 11 பேர். ஆறு பேர் என்று தொலைபேசியில் சொல்லி ஒரு விடுதியில் இரண்டு அறைகள் எடுத்தோம். "போய்ச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்பது என் யோசனை. இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றதும் மேலாளர் தலைகளை எண்ணினார், மறுத்துவிட்டார். நானும் தம்பியும் வேறு அறை தேடி அலைந்து திரும்பும்வரை, அப்பாவும் அம்மாவும் வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை, "நீங்க போயிட்டு வாங்கப்பா, நாங்க ரூமிலேயே இருக்கோம்" என்றார் அப்பா. எந்த இரண்டு பேருக்காக எல்லோரும் கூடினோமோ, அவர்கள் இல்லாமலே பூங்காவுக்குப் போனோம். அதன்பின் கற்றுக்கொண்டவையே கீழ்க்கண்ட பாடங்கள்.

பாடம் 1: உண்மையான எண்ணிக்கை

பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்று தனித்தனியே எழுதுங்கள். விடுதிகளில் குழந்தைக்கு வயதுக் கணக்கு உண்டு. இத்தனை வயதுக்கு மேல் கூடுதல் படுக்கைக்குக் கட்டணம் என்பார்கள். பூங்காவிலோ குழந்தையின் கட்டணத்தை உயரத்தைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். ஆகவே வீட்டிலேயே பிள்ளைகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை தேவை. தாத்தா, பாட்டியின் அட்டைகளை மறக்க வேண்டாம்.

பாடம் 2: வாடகையோடு வண்டிச் செலவையும் கூட்டுங்கள்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது இங்கே பொருந்தும். பெரியவர் 7, சிறுவர் 4 உள்ள குடும்பம் இரண்டு இரவு தங்குவதாகக் கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

(அ) மெஜஸ்டிக் பகுதி: இருவர் அறை 4, நாளுக்கு ரூ. 1,200 வீதம் இரண்டு நாளுக்கு ரூ. 9,600. வரி 5 சதவீதம் ரூ. 480. பூங்காவுக்குப் போய்வர வேன் ரூ. 4,500. மொத்தம் ரூ. 14,580.

(ஆ) கெங்கேரி பகுதி: நால்வர் அறை 3, நாளுக்கு ரூ. 2,000 வீதம் இரண்டு நாளுக்கு ரூ. 12,000. வரி ரூ. 600. வேன் ரூ. 1,500. மொத்தம் ரூ. 14,100.

வாடகையில் மலிவாகத் தெரிந்த இடம் மொத்தத்தில் ரூ. 480 கூடுதல். மாலை நெரிசலில் நனைந்து களைத்த பிள்ளைகளோடு நகருக்குள் திரும்பும் சிரமம் வேறு. (நாள் வாடகை ரூ. 7,500 வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீத வரி என்பது 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறை. சொல்லும் வாடகை வரி சேர்த்தா என்று கேளுங்கள்.)

பாடம் 3: எங்கே தேடுவது?

பூங்காவை ஒட்டி அதன் நிர்வாகமே நடத்தும் விடுதி 2012-லிருந்து இருக்கிறது. வசதியானது, ஆனால் 11 பேருக்கு எல்லோராலும் கட்டுப்படியாகாது. பிடதி, ராமநகரம், கெங்கேரி மூன்றும் அதே சாலையில் உள்ளவை. மூன்றுக்கும் ரயில் நிலையமும் உண்டு. மெட்ரோ ரயில் 2021-ல் கெங்கேரி வரைக்கும், 2023-ல் செல்லகட்டா வரைக்கும் நீண்டது. எனவே மெஜஸ்டிக்கில் இறங்குபவர்கள் குறைந்த செலவில் கெங்கேரி சேரலாம்.

சமையலறையோடு முழு வீடாக நாள் வாடகைக்குக் கிடைத்தால் பெரிய குடும்பத்துக்கு அதுவே மேல். காலைப் பலகாரமும் இரவு ரசம் சாதமும் வீட்டிலேயே முடிந்துவிடும். விடியற்காலை வந்து அன்றிரவே ரயிலேறுபவர்களுக்கு அறையே வேண்டாம். ரயில்வே ஓய்வறையும் பொருள் காப்பறையும் போதும். ஓய்வறைக்கு உறுதியான பயணச்சீட்டு வேண்டும்.

பாடம் 4: முன்பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? பின்னதானால், காலை ஐந்து மணிக்கு நுழைபவருக்கு ஏழு மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை ஆகிவிடலாம்.

2. முதியவர்களுக்குத் தரைத்தள அறை உண்டா? மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா?

3. வெந்நீர் எந்த நேரத்தில் வரும்?

4. ஈரத்துணி உலர்த்த மொட்டை மாடியில் கொடி உண்டா? நீர் விளையாட்டு முடிந்தால் 11 பேரின் துணியும் நனைந்திருக்கும்.

5. வர இயலாமற்போனால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்?

பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வார நாட்களில் போனால் வாடகையும் கூட்டமும் பெரும்பாலும் குறைவு.

அடுத்த முறை நாங்கள் கெங்கேரியில்தான் தங்கினோம். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மாவுக்குக் கால் வலித்தது. தம்பி அவரையும் அப்பாவையும் அறைக்கு அழைத்துப்போய் விட்டான். அதுவரை பேரப்பிள்ளைகள் தண்ணீரில் குதிப்பதை இருவரும் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நாங்கள் திரும்பியபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, "நாளைக்கும் போகலாமா?" என்று கேட்டார்.

பயிற்சி: உங்கள் குடும்பத்தின் எண்ணிக்கையை எழுதி, இரண்டு இடங்களுக்கு விசாரித்து, பாடம் 2-ல் உள்ளபடி மொத்தத்தைக் கணக்கிடுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால், வீட்டில் மூத்தவருக்கு எது வசதியோ அதையே தேர்ந்தெடுங்கள்.