பூசணி வண்டின் குடும்பம் எது?

இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த துண்டு நிலத்தில் மீண்டும் விதை போடும் நமக்கு ஒவ்வொரு முளையும் பெறுமதியானது. நோர்வூட் பகுதியில் லயத்துக்குப் பின்னால் பூசணி, வெள்ளரி முளைத்து விதையிலை விரிந்ததும், செம்மஞ்சள் வண்டுகள் வந்து அதைத் துளைத்துவிடக் கூடும். கடனுக்கு மருந்து வாங்குமுன் அந்த வண்டு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என அறிந்து கொள்வோம்.

பூச்சிகளை வரிசை, குடும்பம், பேரினம், இனம் என அறிஞர் பிரிப்பர். பூசணி வண்டு, கிரைசோமெலிடே எனும் இலை வண்டுக் குடும்பத்தில் ஓலகோபோரா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா எங்கும் இப்பேரினம் உண்டு. 'பள்ளம் தாங்கியது' என்பது பெயரின் பொருள். கழுத்துப் பகுதியில் குறுக்கே ஒரு பள்ளம் இருப்பதே காரணம். சில இனங்களுக்குச் சிறகு கருநீலமாகவும் இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

பொறிவண்டு வேறு குடும்பம். அதன் உடல் அரைக்கோளமாகவும் உணர்கொம்பு குட்டையாகவும் இருக்கும். பூசணி வண்டு நீண்ட உடலும் நூல் போன்ற நீண்ட கொம்பும் உடையது. பளபளப்பான பொறிவண்டுகளில் பல, அசுவினியைத் தின்னும் நமது நண்பர்கள். மயிர் படர்ந்து மங்கிய நிறமுள்ள எபிலாக்னா மட்டும் இலையைச் சுரண்டித் தின்னும்.

குடும்பம் தெரிந்தால் புழு இருக்குமிடமும் தெரியும். எபிலாக்னாவின் முள்ளுள்ள மஞ்சள் புழு இலையின் அடியில் இருக்கும். பூசணி வண்டோ கொடியின் அடியில் ஈரமண்ணில் முட்டையிடும். புழு வேரைத் துளைக்கும். அமெரிக்காவில் சோள வேரைத் தின்னும் டயபுரோட்டிக்காவும் இதன் உறவே. எனவே இலைக்கு மட்டும் மருந்து தெளித்தால் மண்ணிலுள்ள புழு தப்பிவிடும்.

நாம் செய்யக்கூடியவை:

1. காலையில் வண்டுகள் மந்தமாயிருக்கும். கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுவோம்.
2. நாற்றுகளை வலையால் மூடுவோம். பூக்கும்போது தேனீ வருவதற்காக அகற்றுவோம்.
3. மண்ணில் படும் காய்களின் கீழ் வைக்கோல் இடுவோம்.
4. அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளை அகற்றி, மண்ணைக் கொத்திப் புரட்டுவோம். வெளிப்படும் புழுக்களைப் பறவைகள் தின்னும்.

ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டதாக வேதாகமம் கூறுகிறது. பெயர் அறிந்து நடப்பது நமக்கும் உரிய பொறுப்பே.

கலந்துரையாட: நமது தோட்டத்தில் காணும் சிவப்பு வண்டுகளில் நண்பன் எது, பகைவன் எது?