மண்வெட்டி ஏந்திய தோழர்கள்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் வெர்டன் என்னும் கோட்டை நகர் உள்ளது. முதல் உலகப் போரின்போது, 1916ஆம் ஆண்டில், அதனைச் சூழ்ந்த குன்றுகளில் 10 திங்கள் ஓயாது போர் நிகழ்ந்தது. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமாக ஏறத்தாழ 3 லட்சம் பேர் அங்கு மடிந்தனர். அக்குன்றுகளின் அடியில் இருந்த எஸ்ன் என்னும் சிற்றூர் பீரங்கிக் குண்டுகளால் தரைமட்டமாயிற்று. போர் முடிந்து ஊர் திரும்பிய உழவர்கள் கண்டவை இடிபாட்டுக் குவியல்களும், குண்டு விழுந்த பள்ளங்களும், முட்கம்பிச் சுருள்களுமே.

1920ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வூருக்கு ஒரு சிறு கூட்டத்தார் வந்தனர். அவர்கள் கூலி கேட்கவில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்து வேலையைத் தொடங்கினர். அவர்களை அழைத்து வந்தவர் பியேர் செரசோல் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். அவருடைய தந்தையார் அந்நாட்டின் தலைவராக விளங்கியவர். மகனோ தமக்கு வந்த குடும்பச் சொத்தை அரசுக்கே கொடுத்துவிட்டு, அயல்நாடுகளில் கூலியாளாகவும் உழைத்துப் பார்த்தவர். போருக்குத் துணை செய்ய மனம் ஒப்பாமல் படை வரி கட்ட மறுத்துச் சிறையும் சென்றார்.

எஸ்ன் ஊருக்குச் செல்லும் எண்ணம் அவருக்கு எவ்வாறு தோன்றியது? அவ்வாண்டில் ஹாலந்து நாட்டில் அமைதியை விரும்புவோர் மாநாடு ஒன்று கூடிற்று. பல நாட்டவரும் பலவாறு பேசினர். அப்போது ஜெர்மானியர் ஒருவர் எழுந்தார். படைவீரனாயிருந்த தம் உடன்பிறந்தான் பிரான்சை அழிக்கும் வேலையில் பங்குகொள்ள நேர்ந்தது என்றும், அழிந்ததைக் கட்டித் தரத் தாம் செல்ல விரும்புவதாகவும் கூறினார். செரசோலின் உள்ளத்தைத் தொட்டது இச்சொல்லேயாகும். தீர்மானங்கள் பல நிறைவேறும் இடத்தில், ஒருவர் தம் இரு கைகளைத் தருவதாகச் சொல்வது அரிதன்றோ!

எஸ்னில் ஆங்கிலேயர், ஜெர்மானியர், சுவிட்சர்லாந்தினர் முதலியோர் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கினர். செரசோலின் தமையனார் எர்னஸ்டும் வந்து சேர்ந்தார். அவர் படை அதிகாரி. தம்பியோ படைக்கு ஒரு காசும் தர மறுத்தவர்! கொள்கையில் மாறுபட்ட இருவரும் ஒரே பள்ளத்தில் நின்று மண் அள்ளினர். குளிர்காலம் முழுவதும் அத்தொண்டர்கள் இடிபாடுகளை அகற்றினர், பள்ளங்களைத் தூர்த்தனர், பாதைகளைச் சீராக்கினர், வீடிழந்தோர் தங்க மரத்தால் தற்காலிக வீடுகளும் அமைத்தனர்.

ஆயினும் போரின் புண் ஆறவில்லை. ஜெர்மானியர் அங்கிருப்பதை அதிகாரிகள் எதிர்த்தனர். அவர்கள் வெளியேற வேண்டும் என்றனர். மைந்தரை இழந்த மண்ணில் அவ்வெறுப்பு எழுந்தது வியப்பன்று. மற்றவர்கள் தங்கியிருந்து வேலையை முடித்திருக்கலாம். ஆனால், தம்முடன் தோளோடு தோள் நின்று உழைத்தவரைத் தனியே அனுப்ப அவர்கள் இசையவில்லை. 1921ஆம் ஆண்டு வசந்த காலத்தில், வேலையைப் பாதியிலே விட்டு, அனைவரும் ஒருங்கே புறப்பட்டனர்.

தோல்வி போல் தோன்றிய அம்முயற்சி முளைவிட்டது. 1927இல் ரைன் ஆறு கரையுடைத்து லீக்டன்ஸ்டைன் என்னும் சிறு நாட்டைப் பாழாக்கியது. மறு ஆண்டில் அந்நாட்டு வயல்களில் படிந்த மணலையும் கற்களையும் அகற்றப் பல நாடுகளிலிருந்தும் 700க்கு மேற்பட்ட தொண்டர்கள் திரண்டனர். எஸ்னுக்கு வந்தவர்களோ ஒரு கைப்பிடி அளவினரே.

1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் கொடிய நிலநடுக்கம் நேர்ந்தது. பீகாரிலும் நேபாளத்திலும் 10,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டு விளைநிலங்களை மூடின. சிறையிலிருந்து விடுபட்ட இராசேந்திர பிரசாத் துயர் துடைக்கும் பணியை ஏற்று நடத்தினார். செய்தி அறிந்த செரசோல் அவ்வாண்டிலேயே கடல் கடந்து வந்தார். அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 55. ஐரோப்பியத் தோழர் சிலரும் அவருடன் இணைந்தனர்.

நிலநடுக்கத்துக்குப் பின் முசாபர்பூர்ப் பகுதியில் தாழ்ந்த இடத்துச் சிற்றூர்களுக்கு வெள்ளத்தின் தொல்லையும் இருந்தது. ஆகவே, மேட்டு நிலத்தில் புதிய ஊர்களை அமைக்க முற்பட்டனர். வெள்ளையர் என்றால் ஆணையிடுவோர் என்றே அறிந்திருந்த அந்நாளில், நரை கண்ட ஐரோப்பியர் ஒருவர் வெயிலில் நின்று ஊராருடன் மண் சுமந்தார். கற்றவர் உடலுழைப்பை இழிவாகக் கருதிய அந்நாட்டில் இக்காட்சி புதுமையே. 1937ஆம் ஆண்டு வரை அவர் மீண்டும் மீண்டும் வந்து பணியாற்றினார். அவ்வாறு எழுந்த புதிய ஊர்களுள் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயரிடப்பட்டது.