கல்லாவுக்கு வரும் வெள்ளி ரூபாய்

சந்தை நாளில் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பழைய வெள்ளி ரூபாயை எடுத்து, "இதுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் தர்மபுரி மாவட்டத்தில் இன்னும் உண்டு. நாமும் தராசில் போட்டு வெள்ளி விலையைச் சொல்லிவிடுகிறோம். அங்கேதான் பிழை. சில சமயம் நமக்கு நஷ்டம். பல சமயம் அந்தப் பெரியவருக்கு.

வெள்ளையர் காலத்து ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மெட்ரிக் வருமுன் ரூபாயையே எடைக்கல்லாகப் போட்டார்கள். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். நாட்டு மருந்துக் கடையில் பலம் 35 கிராம் என்பது இந்தக் கணக்குதான்.

ஆனால் தராசு எல்லாவற்றையும் சொல்லாது. 1939 வரையிலான ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, எடை அதேதான்; வெள்ளி மட்டும் பாதி. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். ஆகவே ஆண்டைப் படிக்காமல் விலை பேச வேண்டாம்.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். மன்னர் அங்கியிலிருந்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழ, அடுத்த ஆண்டே உருவத்தை மாற்றினார்கள். சேகரிப்போர் இதற்கு வெள்ளி விலைக்கு மேலேயே தருவர்.

மன்னர் தலை இல்லாமல் பாரசீக எழுத்து மட்டும் இருந்தால் இன்னும் நிதானம் தேவை. 1792 வரை நம் பாராமகால் திப்பு சுல்தான் வசம் இருந்த பகுதி. அவருடைய வெள்ளி ரூபாய்க்கு 'இமாமி' என்று பெயர். உடைசல் என்றும் ஒதுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்தில் சில்லறைக்காக வெள்ளிப் பென்னியையே இரண்டாக, நான்காக வெட்டினார்கள் (நாம் மிட்டாய் கொடுக்கிறோம்!). 1280 வாக்கில்தான் அங்கே அரை, கால் பென்னிகள் வட்டமாக வந்தன. அந்த வெட்டுத் துண்டுகளையும் இன்று தேடி வாங்குகிறார்கள்.

நம் கடைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. பளபளப்பு வரும், விலை போய்விடும்.

நூறாண்டு கடந்த நாணயங்களை விற்பதையே தொழிலாகச் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏர் உழும்போதோ கிடைத்தது என்று யாராவது சொன்னால் வாங்கவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவையுங்கள்.