மிலேச்சன் யார்?

சாவத்தி நகரில் ஒரு காலைப்பொழுது. பகவன் புத்தர் ஐயமேற்க வீதியில் வருகின்றார். தன் இல்லத்தில் வேள்வித்தீ வளர்த்துக்கொண்டிருந்த அக்கிக பாரத்துவாசன் என்னும் அந்தணன் அவரைக் கண்டு, மொட்டைத் தலையன் என்றும் வசலன் என்றும் ஏசி, அப்பாலே நிற்கும்படி கூவுகின்றான். வசலன் என்றால் இழிந்தவன், ஒதுக்கப்பட்டவன் என்பது பொருள். பகவன் சினந்தாரில்லை. வசலன் யார், ஒருவனை வசலனாக்குவது யாது, இதனை நீ அறிவாயோ என்று அமைதியாக வினவினார். அந்தணன் அறியேன் என்றான்.

அன்பர்காள்! சுத்தநிபாதத்து வசல சுத்தம் கூறும் இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது அந்த விடையையே. ஏசியவனுக்குத் தான் ஏசிய சொல்லின் பொருள் தெரியவில்லை. உலக சரித்திரத்திலே அயலாரை இழித்துரைக்கப் பிறந்த சொற்கள் எல்லாவற்றின் நிலையும் இதுவே. மிலேச்சன், காட்டுமிராண்டி, காட்டான் என்னும் சொற்கள் எங்ஙனம் பிறந்தன, என்ன தீங்கு செய்தன, தம்மத்தை மேற்கொண்ட நாம் அவற்றை என் செய்வது என்பதே இன்றைய பாடம்.

சொல் பிறந்த வகை

பண்டைக் கிரேக்கர், தம் மொழி பேசாதார் அனைவரையும் ‘பார்பரோஸ்’ என்றழைத்தனர். அயலார் பேச்சு அவர்கள் செவிக்குப் ‘பர் பர்’ என்று ஒலித்தது, அவ்வொலியே பெயராயிற்று. வடமொழியாளரின் ‘மிலேச்சன்’ என்னும் சொல்லும் பேச்சைப் பற்றியதே. அசுரர் சொற்களைத் திரித்து உச்சரித்தமையால் தோற்றனர் என்றும், ஆகலின் அந்தணன் மிலேச்சப் பேச்சுப் பேசலாகாது என்றும் சதபத பிராமணம் கூறுகின்றது. சீனர், நாற்றிசையிலும் வாழ்ந்த அயலாருக்குத் திசைக்கொரு பெயரிட்டுத் தம்மை நடுநாட்டார் என்றனர். நம் தமிழரும் இதற்கு விலக்கல்லர். முல்லைப்பாட்டிலே அரசனது பாசறையைக் காக்கும் மிலேச்சர் வருகின்றனர்; வாய் பேசாது சைகையால் பேசுவோர் என்றே அவர்கள் காட்டப்படுகின்றனர். அவர்களுக்கும் தாய்மொழி ஒன்று இருந்திருக்கும். கேட்டவருக்கு அது விளங்கவில்லை என்பதே உண்மை.

இதனால் விளங்குவது யாது? இச்சொல் அயலானிடத்துள்ள குறையைக் குறிப்பதன்று. நம் செவியிலுள்ள குறையைக் குறிப்பது. நமக்கு விளங்காமையை அவனுக்கு அறிவின்மையாக மாற்றி எழுதிக்கொள்கின்றோம்.

மொழிக்கு அடுத்தபடி இடம் வருகின்றது. நகரம் என்பதிலிருந்து நாகரிகம் பிறந்தது. காடு என்பதிலிருந்து காட்டான் பிறந்தான். ஆனால் பகவன் பிறந்தது உலும்பினி வனத்தில். புத்தராகியது நேரஞ்சரை ஆற்றங்கரையில் ஓர் அரசமரத்தடியில். பரிநிப்பானமுற்றது இரட்டைச் சாலமரங்களின் இடையில். காட்டை இழிவென்போர் போதி மரம் எந்த மாடவீதியில் நின்றது என்று சொல்லட்டும்.

சொல் செய்யும் தீங்கு

வெறுஞ் சொல்தானே, போகட்டும் என்பார் உளர். சொல் சட்டமாகும்போது அது கையும் காலும் பெறுகின்றது. ஆங்கில அரசு 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குடியிற் பிறந்த குழந்தை திருடுமுன்பே திருடனென்று எழுதப்பட்டது. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் மாண்டன. நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டு கழித்து, 1952-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. இன்ன பிறப்பினர் இன்ன தன்மையர் என்ற வாய்ப்பேச்சே அதற்கு வேர்.

நம் வீட்டுக் குப்பை

பிறர் குற்றம் பேசுதல் எளிது. பௌத்தர்களாகிய நாம் நம் நூல்களையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அசோகப் பேரரசர் கலிங்கப் போரின் கொடுமைக்கு இரங்கிப் பொறித்த பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தை அறியாதார் இலர். அதே சாசனத்தில் காட்டுவாழ்நர்க்கும் ஒரு செய்தி இருக்கின்றது: அரசர் இரங்கியிருப்பினும் அவரிடம் வலிமை உண்டு, அவர்கள் திருந்தாவிடில் உயிரிழப்பர் என்பது அதன் கருத்து. சோழர், பாண்டியர் எல்லை வரை தம்ம வெற்றி பேசிய அவ்வுள்ளத்திலும், காட்டாரிடம் பேசும்போது வாளின் நிழல் விழுந்திருக்கின்றது.

விநய பிடகத்துக்குப் புத்தகோசர் பெயரால் வழங்கும் உரை, மிலேச்சர் என்பதற்கு ஆரியரல்லாத ஆந்திரர், தமிழர் முதலானோர் என்று பொருள் கூறுகின்றது. காஞ்சியில் தங்கிய ஆசாரியர், காவிரிப்பூம்பட்டினத்துப் புத்ததத்தரின் தோழமை மரபினர். அவர் பெயரால் நிலவும் உரையிலேயே தமிழன் மிலேச்சனாக நிற்கின்றான்! தமிழ் பௌத்தன் இவ்வரியைக் கடக்கும்போது, அச்சொல் எவரையும் விடாது என்பதை உணர்கின்றான்.

இலங்கையின் மகாவம்சம் இதனினும் கொடிய ஒன்றைச் சொல்கின்றது. போரில் மாண்டோரை எண்ணி வருந்திய துட்டகைமுனு மன்னனை அரகந்தர் எண்மர் தேற்றியதாகவும், மாண்டவர்களுள் மனிதரென்று எண்ணத்தக்கோர் ஒன்றரைப் பேரே, மற்றையோர் விலங்கொப்பர் என்று அவர்கள் கூறியதாகவும் அது எழுதிற்று. அன்பர்காள்! இது புத்த வசனம் அன்று. முதற் சீலம் மனிதனைக் கொல்லாதே என்று சொல்லி நிற்கவில்லை. உயிரைக் கொல்லாதே என்கின்றது. மாண்டவர் விலங்கேயாயினும் கொலை கொலையே. அயலானை விலங்கென்று அழைத்து அறத்தினின்று தப்ப நினைப்பவனுக்கு, பகவன் அந்த வாயிலையும் அடைத்தே வைத்தார்.

நம் பண்டிதர் அயோத்திதாசரோ 1907-இல் தொடங்கிய தம் பத்திரிகையின் வாயிலாக, சாதி வகுத்தோரையே மிலேச்சர் என்று திருப்பியடித்தார். நூற்றாண்டுகளாக ஏச்சுண்டவர் ஏசியவரைப் பார்த்து, நீயே அது என்றார். அந்நாளில் அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் அடித்தவனிடமிருந்து பறித்த தடியை எந்நாளும் கையில் வைத்திருந்தால், எதிரே வரும் எளியவன்மீது அது விழும். நாம் அஞ்சுவது இதையே.

மாதேஸ்வரன் மலை

எளியவன் யார் என்று தொலைவில் தேடவேண்டா. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியே பாலாற்றைக் கடந்து ஏறினால் மாதேஸ்வரன் மலை. அது அன்று அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவோடு சென்னை இராச்சியத்தில் இருந்தது; பின் மைசூரோடு சேர்ந்தது; 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று இருக்கின்றது. எல்லைக்கோடு மாறியதே தவிர, ஏறிப்போகும் தமிழ் மக்கள் குறையவில்லை. சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்தவர்க்கு அது குலதெய்வ மலை.

அம்மலையின் பழங்குடிகள் சோளகர். பிளிகிரிரங்கன் மலையிலும், நம் பக்கத்துப் பர்கூர், தாளவாடி மலைகளிலும் அவர்கள் வாழ்கின்றனர். அவர்கள் மொழி திராவிடக் குடும்பத்தது; கன்னடத்துக்கும் தமிழுக்கும் நெருங்கிய உறவினது. சற்றே செவி சாய்ப்பின் பாதி விளங்கும். மாதேஸ்வரன் புலிமேல் வருபவர் என்று மக்கள் பாடுகின்றனர். வெண்கலத் தாளமாகிய கம்சாளெயைத் தட்டிப் பாடும் அந்நெடுங்கதையில் சங்கம்மா என்னும் சோளகப் பெண்ணுக்கென்றே ஒரு பகுதி உண்டு. தேனெடுக்கக் காட்டுக்குப் புறப்படும் கணவன், கற்புக்குச் சத்தியம் செய் என்று அவளை வருத்துகின்றான். அவள் மறுத்துத் துன்புறுகின்றாள். தெய்வம் அவள் பக்கம் நிற்கின்றது. நாம் தெய்வங்களைச் சரணடைவோர் அல்லோம். ஆயினும் அந்தப் பாட்டு சோளகப் பெண்ணுக்குத் தரும் மதிப்பை, பாட்டைக் கேட்டு இறங்கும் மக்கள் தருவதில்லை என்பதைக் கூறியாகவேண்டும். மலைக்குச் சென்று திரும்புவோர் பேருந்திலே, வழியில் தேன் விற்ற முதியவரைக் ‘காட்டான்’ என்று சொல்லிச் சிரிப்பதை நாம் செவியாரக் கேட்டிருக்கின்றோம். அவர்களுள் நம் சேரிகளிற் பிறந்தோரும் உண்டு.

இச்சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே மலை சான்று. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் காட்டு மக்கள் இருபுறமும் நெரிபட்டனர். 1993 ஏப்ரல் 9-ஆம் நாள் பாலாற்றருகே வீரப்பன் குழுவினரின் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். அது கொலையே, அதற்கு வேறு பெயரில்லை. ஆனால் கொலைகாரனைத் தேடிச் சென்ற படையினர், காட்டில் வாழ்வோர் எல்லாரும் அவனுக்குத் துணை என்று எண்ணத் தலைப்பட்டனர். மாதேஸ்வரன் மலையில் இருந்த விசாரணை முகாமில் பட்ட வதைகளைப் பலர் சொல்லியழுதனர். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் அளிக்கப் பணித்தது. சோளகர் பட்ட துயரை ச. பாலமுருகன் 2004-இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’ என்னும் நாவலாக எழுதியுள்ளார். காட்டில் இருப்பவன் கள்வனாகத்தான் இருப்பான் என்னும் எண்ணம் ஒரு நாளில் பிறந்ததன்று. பேருந்துச் சிரிப்பும் அதற்கு நீர் வார்த்தது.

அறிவிலார் என்று அவர்களை எண்ணுவோர்க்கு ஒன்று சொல்வோம். கோடைக்கு முன்னரே காட்டுச் சருகில் சிறுதீ இட்டுப் படரவிடும் வழக்கம் சோளகருடையது. அதனால் பெருந்தீ தடுக்கப்படும், உண்ணிச்செடி ஓங்காது என்பது அவர்கள் அனுபவம். அத்தீ தடைசெய்யப்பட்ட பின் உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்று அவர்கள் கூறுவதை ஆராய்ச்சியாளர் இன்று கருத்தோடு கேட்டுப் பதிகின்றனர். பிளிகிரிரங்கன் மலையில் 1974-இல் சரணாலயம் அமைந்தபோது இடம் பெயர்க்கப்பட்ட அம்மக்களுக்கு, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி 2011-இல் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. அவர்கள் சொல்லைக் கேட்க நாட்டுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

சாதுவன் காட்டிய வழி

இனி மருந்தைக் காண்போம். அது நம் மணிமேகலையிலேயே இருக்கின்றது.

ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, பாய்மரத்துண்டைப் பற்றி நாகர் மலைக் கரையில் ஒதுங்குகின்றான். ஆடையற்ற நாகர், மனிதரை உண்போர், துயிலும் அவனைக் கொல்ல வருகின்றனர். சாதுவன் கண் விழித்து அவர்கள் மொழியிலேயே பேசுகின்றான். அவன் அதனைப் பிழையறக் கற்றிருந்தான். பேச்சைக் கேட்டதும் நாகர் வியந்து, கொல்லாது, தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். ஓங்கிய கை தாழ்ந்தது மொழியினால் என்பதை மறவற்க.

தலைவன் விருந்தாகக் கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்கின்றான். சாதுவன் மறுத்து அறம் உரைக்கின்றான். தலைவன் கண்மூடி ஏற்கவில்லை. உயிர் உடலைவிட்டு எங்ஙனம் வேறிடம் புகும் என்று வினவுகின்றான். காட்டான் என்போன் கேட்ட கேள்வி, கற்றோர் அவையிலும் எளிதில் விடை கூறவொண்ணாதது! இறுதியில் அவன் வேண்டுவது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல் என்பதே. சாதுவனும் தன் ஊர் ஒழுக்கம் முழுவதையும் அவர்கள் தலையிற் சுமத்தவில்லை. கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காத்திடுக. மூத்து வீழும் விலங்கையன்றிப் பிறவுயிரைக் கொல்லற்க என்று அவர்களால் தாங்கக்கூடியதைச் சொன்னான். நாகரைக் கள்நாற்றமும் எலும்புக் குவியலுமாகப் புலவர் வருணித்தாரேனும், அவர்களை அறம் கேட்கத் தக்கோராகவே கண்டார்.

சீனத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. தெற்கிலிருந்து வந்த ஹுவெய்நெங்கைப் பார்த்து, தென்னாட்டு மிலேச்சனாகிய நீ எங்ஙனம் புத்தனாவாய் என்று ஐந்தாம் ஆசாரியர் கேட்டார். மனிதரில் வடக்கும் தெற்கும் உண்டு, புத்தத் தன்மையில் அது இல்லை என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். பின்னாளில் ஆறாம் ஆசாரியர் ஆனார்.

கைக்கொள்ள வேண்டுவன

ஒன்று: சம்மா வாசா, நல்வாய்மை. காட்டான், காட்டுமிராண்டி என்னும் சொற்கள் நம் இல்லங்களில் வழங்கலாகாது. குழந்தை சொன்னால், அதன் பொருள் என்ன என்று பகவன் கேட்டதுபோலக் கேட்டால் போதும்.

இரண்டு: அயலார் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனரோ அப்பெயரால் அழைத்தல், மலைக்குச் செல்வோர் அவர்கள் மொழியில் பத்துச் சொல்லேனும் கற்றுச் செல்லுதல்.

மூன்று: அறம் பேசப் போகுமுன் அறம் கேட்கப் பழகுதல். அவர்களுக்கு ஏற்றது எது என்பதை அவர்களே அறிவர்.

வசலன் யார் என்பதற்குப் பகவன் தந்த விடை நீண்டது. வன்சினத்தான், உயிர்க்கொலை செய்வோன், ஊர்களை முற்றுகையிட்டு அழிப்போன், கடன் வாங்கி இல்லையென்போன், முதிய தாய் தந்தையரை வசதியிருந்தும் பேணாதான் எனப் பலரை எண்ணிச் சொல்கின்றார். அவ்வரிசையில் தன்னை உயர்த்திப் பிறரை இகழ்வோனும் நிற்கின்றான். இதனைக் காணின், பிறனை வசலன் என்று கூவும் அக்கணத்திலேயே கூவியவன்மீது அப்பெயர் வந்து அமர்ந்துவிடுகின்றது. பிறப்பினால் எவனும் வசலனல்லன், செய்கையினாலேயே ஆகின்றான் என்று கேட்ட அக்கிக பாரத்துவாசன் அன்றே சரணம் புகுந்தான்.

பறையன் என்றும் தீண்டாதான் என்றும் ஏச்சுண்டு வந்த நாம், ஆலையிலும் வயலிலும் அச்சொல்லின் எரிவை உடம்பால் அறிந்தவர்கள். அறிந்தவன் பிறனைச் சுடலாமோ? அடுத்த முறை மாதேஸ்வரன் மலைப் பாதையில் தேன்குடத்தோடு நிற்கும் முதியவரைக் கண்டால், ஐயா என்றழைத்து, அவர் பேச்சுக்குச் செவி கொடுப்போமாக.

எல்லா உயிரும் நலம் பெறுக.

சாது! சாது! சாது!